அன்பும் சுயநீதியும்: செட்டிநாட்டுக் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களில் வாழும் கிறிஸ்தவர்களாகிய நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள். ஊரின் நடுவே சிவன் கோயிலும் முருகன் கோயிலும் நிற்கின்றன. நகரத்தார் வீட்டு விசேஷங்களும் நாட்டார் திருவிழாக்களும் ஆண்டின் நாள்களை வகுக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில், விலகி நிற்பதன் மூலமே நம்மைக் கிறிஸ்தவர் என்று காட்டிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் எளிதில் வேரூன்றிவிடும். எதைத் தொடமாட்டோம், எதை உண்ணமாட்டோம், எந்த வாசலை மிதிக்கமாட்டோம் என்பவையே விசுவாசத்தின் அளவுகோலாகிவிடும். இயேசு தம் சீஷருக்குக் கொடுத்த அடையாளம் வேறு: "நீங்கள் ஒருவரிலொருவர் அன்புள்ளவர்களாயிருந்தால், அதினால் நீங்கள் என்னுடைய சீஷர்களென்று எல்லாரும் அறிந்துகொள்வார்கள்" (யோவான் 13:35). கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த வசனத்தை முன்வைத்தே எழுதப்பட்டுள்ளன.

சுயநீதி என்பது என்ன? பக்தியாக, ஒழுக்கமாக வாழ்வது தவறா?

தவறில்லை. லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் ஆலயத்துக்கு ஜெபிக்க வந்த பரிசேயன் (நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாய்க் கைக்கொண்ட யூதக் குழுவைச் சேர்ந்தவன்) வாரத்தில் இரண்டு முறை உபவாசித்தான். தன் சம்பாத்தியம் அனைத்திலும் தசமபாகம் கொடுத்தான். அவன் பொய் சொன்னதாக இயேசு எங்கும் கூறவில்லை. அவன் ஜெபம் கெட்டுப்போன இடம் ஒன்றே: "இந்த ஆயக்காரனைப்போலவும்" (வரி வசூலிப்பவனைப்போலவும்) தான் இல்லை என்று நன்றி சொன்ன இடம். அந்தக் கதை யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதையும் லூக்கா தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறார். தங்களை நீதிமான்களென்று நம்பி, மற்றவர்களை அற்பமாய் எண்ணினவர்களுக்காகவே அது சொல்லப்பட்டது.

இவ்விரண்டும் சேர்ந்ததுதான் சுயநீதி. தன்னைப் பற்றிய நம்பிக்கையும் பிறரைப் பற்றிய இகழ்ச்சியும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. ஆயக்காரனோ தூரத்தில் நின்று, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று சொல்லிவிட்டு நீதிமானாக்கப்பட்டவனாய் வீடு திரும்பினான். நம் ஜெபத்துக்குள் இன்னொருவரின் குறை நுழைந்திருக்கிறதா என்று பார்ப்பதே இந்த நோயைக் கண்டறிய எளிய வழி.

அன்பே முதன்மையானது என்று வேதத்தில் எங்கே சொல்லப்பட்டிருக்கிறது?

பல இடங்களில் உண்டு. எனினும் மாற்கு 12-ஆம் அதிகாரத்தை முதலில் படியுங்கள். நியாயப்பிரமாணத்தில் 613 கட்டளைகள் உள்ளன என்பது யூத மரபின் கணக்கு. அவற்றுள் பிரதானமானது எது என்று ஒரு வேதபாரகர் கேட்டபோது, தேவனிடத்தில் முழு இருதயத்தோடும் அன்புகூரும்படி சொல்லும் உபாகமம் 6:5-ஐயும், பிறனிடத்தில் அன்புகூரும்படி சொல்லும் லேவியராகமம் 19:18-ஐயும் இயேசு இணைத்துச் சொன்னார். கேட்டவரோ அதோடு நிற்காமல், இந்த அன்பு சர்வாங்க தகனபலிகளைப் பார்க்கிலும் முக்கியமானது என்று தாமே முன்வந்து சொன்னார். எருசலேம் தேவாலய வளாகத்திலேயே, பலிகள் நாள்தோறும் நடந்துகொண்டிருந்த இடத்திலேயே, அவர் அதைச் சொன்னார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவன் அல்ல என்று இயேசு அவருக்குப் பதிலளித்தார்.

பவுல் இன்னும் கடுமையாக எழுதுகிறார். மலைகளைப் பேர்க்கத்தக்க விசுவாசமும், உண்டான யாவற்றையும் அன்னதானம் பண்ணுகிற கொடையும், உடலையே சுட்டெரிக்கக் கொடுக்கிற துணிவும், அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் அற்றவை என்கிறார் (1 கொரிந்தியர் 13:2-3). அன்னதானம் என்றால் என்னவென்று நம் வட்டாரத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதைச் செய்தும் அன்பில்லாதவராய் இருக்க முடியும் என்ற எச்சரிக்கை ஆலயத்தில் ஏழைகளுக்கு உணவிடுகிற நமக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

அப்படியானால் பரிசேயர் அனைவரும் வேஷக்காரரா?

அல்லர். நிக்கொதேமு பரிசேயர், அப்போஸ்தலரைக் கொல்லாதபடி ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து பேசிய கமாலியேலும் பரிசேயர். அவர்கள் வேதத்தை மிகவும் நேசித்த மக்கள். வேதத்தை நேசிக்கிறவர்களுக்கே சுயநீதி நெருங்கிய ஆபத்து என்பதனால்தான் இயேசு அவர்களோடு அவ்வளவு வாதாடினார். யூதரை இழிவாகப் பேச இந்தப் பகுதிகளைப் பயன்படுத்துவது, அவை கண்டிக்கிற பாவத்தையே மறுபடியும் செய்வதாகும்.

தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போகிறவர்களுக்கு மோரோ தண்ணீரோ கொடுக்கலாமா? அது விக்கிரக ஆராதனைக்குத் துணைபோவது ஆகாதா?

ஒவ்வொரு தை மாதமும் எழும் கேள்வி இது. குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகக் காவடிகளோடு நடக்கிற நகரத்தாரும் பிறரும் நம் வீட்டு வாசலைக் கடந்துதான் செல்கிறார்கள். அவர்களுள் வயதானவர்கள் உண்டு. கால் கொப்புளித்தவர்கள் உண்டு. நமக்குச் சம்பளம் கொடுப்பவர்களும் நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு.

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நல்ல சமாரியன் கதையில் இயேசு யாரை முன்மாதிரியாகக் காட்டினார் என்று பாருங்கள். சமாரியர் எருசலேமில் தொழாமல் கெரிசீம் மலையில் தொழுதவர்கள். யூதரின் பார்வையில் வழிபாட்டில் பிழைபட்டவர்கள். சரியான ஆலயத்தில் சரியான முறையில் ஊழியம் செய்த ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனார்கள். தவறான மலையில் தொழுதவன் நின்றான், காயம் கட்டினான், சத்திரக்காரனுக்குப் பணமும் கொடுத்தான். "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று இயேசு சொன்னது வழிபாட்டைக் குறித்தன்று, அந்த நிற்றலைக் குறித்து. யாக்கோபின் கிணற்றருகே இயேசுவே ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். அவர் கையேந்திப் பெற்றதை நாம் கொடுக்கத் தயங்குவது எப்படி?

தாகத்துக்குக் கொடுக்கிற தண்ணீர் தாகத்துக்கே போகிறது. வாங்கிக் குடிக்கிறவர் அதை நம் மதத்தின் ஒப்புதலாகக் கருதமாட்டார். பக்கத்து வீட்டாரின் பரிவாகவே கருதுவார். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். தண்ணீர்ச் செம்போடு துண்டுப்பிரசுரத்தையும் சேர்த்து நீட்டுவது நல்லதன்று. களைத்து நிற்கிறவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார். அந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்வது அன்பின் பாற்பட்டதன்று. அவர் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் தண்ணீரே போதும்.

ஆச்சி வீட்டில் வேலை செய்கிறேன். சாமி அறையைப் பெருக்கவும் விளக்குகளைத் துலக்கவும் சொல்கிறார்கள். எங்கள் ஜெபக்குழுவினர் அது பாவம் என்கிறார்கள். வேலையை விட்டுவிட வேண்டுமா?

விடவேண்டியதில்லை. சீரிய நாட்டுப் படைத்தலைவனாகிய நாகமான் குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை ஏற்றுக்கொண்ட பின் எலிசாவிடம் கேட்ட கேள்வி ஏறக்குறைய இதுவேதான். என் ஆண்டவனாகிய அரசன் என் கையின்மேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலில் பணியும்போது நானும் பணிய நேரிடுமே, அதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்று அவன் கேட்டான். எலிசா அவனுக்கு நீண்ட உபதேசம் செய்யவில்லை. பதவியைத் துறக்கும்படியும் சொல்லவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார் (2 இராஜாக்கள் 5:18-19).

நீங்கள் துலக்குவது பித்தளை விளக்கு; செய்வது கூலிக்குரிய உழைப்பு. உங்கள் மனச்சாட்சி அதற்கும் இடங்கொடுக்காவிட்டால், ஆச்சியிடம் மரியாதையாகச் சொல்லி வேறு வேலையைக் கேட்டுப் பெறலாம். பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, பல கட்டுகள் கொண்ட வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் இங்கே அநேகர். மனிதரைப் புரிந்துகொள்ளும் பொறுமை அவர்களுக்கு உண்டு.

ஜெபக்குழுவினருக்கும் ஒரு சொல். ஒரு பெண்ணின் வயிற்றுப்பாட்டோடு தொடர்புடைய விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும்முன், அவள் வேலையை விட்டால் அடுத்த மாத அரிசிக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் குழு பொறுப்பேற்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சுமக்க அரிதான சுமைகளைக் கட்டி மனுஷர் தோள்களின்மேல் வைத்துவிட்டு, தாங்கள் ஒரு விரலினாலும் அவற்றைத் தொடாதவர்களைப் பற்றி இயேசு பேசியிருக்கிறார் (மத்தேயு 23:4).

அயலார் கொடுக்கும் பிரசாதத்தை என்ன செய்வது?

இதில் பவுல் இரண்டு பக்கமும் பேசுகிறார். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால், மனச்சாட்சியின் பொருட்டு ஒன்றையும் விசாரிக்காமல் உண்ணலாம். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சியின் பொருட்டு உண்ணாதிருக்கலாம் (1 கொரிந்தியர் 10:27-29). இரண்டிலும் எதிரே இருக்கிறவரைக் குறித்த கவலையே முடிவு செய்கிறது. வாங்க மனமில்லாவிட்டால், "எங்களுக்கு இது வழக்கமில்லை ஐயா, உங்கள் அன்புக்கு நன்றி" என்று கைகூப்பிச் சொல்லலாம். முகத்தைச் சுளிப்பதும், வாங்கிவந்து அவர் பார்க்கும்படி எறிவதும் எந்த வசனத்திலும் இல்லை. சபைக்குள் உண்கிறவர் உண்ணாதவரை அற்பமாக எண்ணக்கூடாது. உண்ணாதவர் உண்கிறவரைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது (ரோமர் 14:3). இதற்குமேல் சண்டையிட இதில் ஒன்றுமில்லை.

என் தகப்பனார் இந்துவாகவே காலமானார். நான் ஞானஸ்நானம் பெற்றவன். கேத வீட்டுக்குப் போகவேண்டாம் என்று சிலர் தடுத்தார்கள். பிள்ளையின் கடமையைச் செய்வது விசுவாசத் துரோகமா?

போகாமல் இருப்பதே துரோகத்துக்கு நெருக்கமானது. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்த ஒரு விஷயத்தில் நம் சபைகளில் சிலர் செய்த காயங்கள் தலைமுறைகளாக ஆறாமல் இருக்கின்றன. மூத்த பிள்ளை ஊரில் இருந்தும் வராமல் போனான் என்பதை எந்தக் குடும்பமும் மறப்பதில்லை. அந்தக் குடும்பத்துக்கு இயேசு யார் என்பதை அன்றைய நாளின் வெற்றிடமே சொல்லிவிடுகிறது.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் கொர்பான் என்னும் வழக்கத்தை இயேசு கடிந்துகொள்கிறார். தகப்பனுக்கும் தாய்க்கும் உரியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால், பெற்றோருக்குச் செய்யாமல் இருக்கலாம் என்பது அந்த வழக்கம். தேவனுடைய பெயரைச் சொல்லிப் பெற்றோரைக் கைவிடுவதை அவர் பக்தி என்று ஏற்கவில்லை. அதனால் தேவவசனமே அவமாக்கப்படுகிறது என்றார். சிலுவையில் தொங்கும் வேளையிலும் தம் தாயை ஒரு சீஷனிடத்தில் ஒப்படைத்தவர் அவர். தன் வீட்டாரை விசாரியாதவன் "விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்" என்று 1 தீமோத்தேயு 5:8 கூறுகிறது. விசுவாசத்தைக் காக்கவே போகவில்லை என்கிறவர்கள் இந்த வசனத்தை எப்படிக் கடந்து போகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

நடைமுறையில் செய்யக்கூடியவை நிறைய உண்டு. செய்தி வந்தவுடன் போய்ச் சேருங்கள். அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். பாடைக்குத் தோள் கொடுங்கள். பந்தல், வண்டி, சாப்பாடு, வந்தவர்களுக்குத் தங்க இடம் ஆகியவற்றின் செலவில் உங்கள் பங்குக்கு மேலாகவே கொடுங்கள். கொள்ளி வைப்பது போன்ற சடங்கில் உங்கள் மனச்சாட்சி இடங்கொடுக்காவிட்டால், பங்காளிகள் கூடியிருக்கும்போது கடைசி நேரத்தில் மறுத்துப் பேசி அவர்களை அவமானப்படுத்த வேண்டாம். சித்தப்பாவிடமோ தம்பியிடமோ முன்னதாகத் தனியே போய், "இதை மட்டும் நீங்கள் செய்யுங்கள், மற்ற எல்லாவற்றிலும் நான் கூட நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் இதை ஏற்றுக்கொள்ளும். மறுப்பைவிட அலட்சியமே அவர்களை நோகச் செய்கிறது.

கருமாதி நாளுக்குப் பிறகும் அம்மாவுக்கு மருந்து வாங்க ஆள் வேண்டும்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி இருக்கிறது. அது முன்னோர் வழக்கம்தானே? அதற்கும் விசுவாசத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடியான தொடர்பு இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவரோடு) ஒரே பந்தியில் உண்டுவந்தார். எருசலேம் சபைத் தலைவராகிய யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தபோது, அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். விலகியவர் சாதாரணமானவர் அல்லர், அப்போஸ்தலர்களில் முதன்மையானவர். இருந்தும் பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை முகமுகமாய் எதிர்த்தார். பந்தியைப் பிரித்ததைப் பவுல் பழக்கவழக்கப் பிசகாகக் கருதவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி நடவாத செயல் என்று எழுதினார் (கலாத்தியர் 2:11-14). உயிரோடிருக்கிறவர்களின் பந்தியைப் பிரிப்பதே சுவிசேஷத்துக்கு மாறு என்றால், இறந்தவர்களுக்கு நடுவே சுவர் எழுப்புவதை என்னவென்று சொல்வது?

தமிழகத் திருச்சபையில் இந்தப் போராட்டம் பழமையானது. கல்கத்தாப் பேராயராக இருந்த தானியேல் வில்சன் 1833-இல் அனுப்பிய சுற்றறிக்கை, சபைகளுக்குள் சாதி வேறுபாட்டை முழுவதும் ஒழிக்கும்படி கட்டளையிட்டது. தஞ்சாவூரில் அதற்குப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களுள் வேதத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களும், அழகான கீர்த்தனைகளைப் பாடியவர்களும் இருந்தார்கள். கத்தோலிக்க ஆலயங்களிலும் தனி வரிசைகளும் தனிக் கல்லறைகளும் நெடுங்காலம் இருந்தன. சில ஊர்களில் இன்றும் இருக்கின்றன.

இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் கூறு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆனால் 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகள் முதலில் இந்துக்களுக்கு மட்டுமே கிடைத்தன; 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அவை விரிவாக்கப்பட்டன. கிறிஸ்தவரான தலித் மக்களுக்கு அவை கிடைக்கவில்லை. இயேசுவை ஏற்றதனால் சலுகையை இழந்தவர்களை, இயேசுவின் சபையே பின்வரிசையில் உட்காரவைத்தால் அவர்கள் எங்கே போவார்கள்? பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் உடையவனுக்கு நல்ல இடமும், கந்தையான வஸ்திரம் உடுத்தினவனுக்குக் கால்மாட்டில் இடமும் கொடுப்பதைக் கண்டிக்கிற யாக்கோபு 2-ஆம் அதிகாரம் நம் ஆலயங்களிலும் வாசிக்கப்படுகிறது.

உபவாசம் தவறாதவர், ஞாயிறு ஆராதனை தவறாதவர், பிறமதத்தார் வீட்டுப் பண்டத்தைத் தொடாதவர், இவர்களே தம் சபையிலுள்ள ஏழைச் சகோதரன் வீட்டில் ஒரு குவளை காப்பி குடிக்கமாட்டார் என்றால், அந்த உபவாசமும் அந்த விலகலும் யாருக்காகச் செய்யப்படுகின்றன? தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன் தான் காணாத தேவனிடத்தில் அன்புகூர முடியாது என்று யோவான் எழுதிய நிருபம் (1 யோவான் 4:20) இதற்கு விதிவிலக்குத் தரவில்லை. கல்லறைச் சுவரை இடிப்பதற்குச் சபைக் கமிட்டியின் தீர்மானம் தேவைப்படலாம். காப்பி குடிக்க எந்தத் தீர்மானமும் தேவையில்லை.

கிறிஸ்தவரல்லாதவர் செய்யும் தர்மம் தேவனுக்கு முன்பாக வெறுமையானது என்று ஒரு போதகர் சொன்னார். அது சரியா?

கொர்நேலியு என்ற ரோம நூற்றுக்கதிபதி சுவிசேஷத்தைக் கேட்பதற்கு முன்பே, அவன் ஜெபங்களும் தருமங்களும் தேவனுக்கு நினைப்பூட்டுதலாக எட்டியிருக்கின்றன என்று தூதன் அவனிடம் சொன்னான் (அப்போஸ்தலர் 10:4). வேதம் மதித்ததை நாம் வெறுமை என்று சொல்லக்கூடாது.

காரைக்குடியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதே வருத்தமாக இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அழகப்பர் தொடங்கிய கல்லூரிகளில் படித்து வேலைக்குப் போன கிறிஸ்தவப் பிள்ளைகள் நம் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். சருகணி தேவாலயத்துக்கு மருது சகோதரர்கள் மானியம் விட்டதையும் நம் முன்னோர் நன்றியோடு சொல்லி வந்தார்கள். 1982-இல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் நடந்தபோது அமைதிக்காக அங்கே போய் உழைத்தவர் சைவ மடாதிபதியான குன்றக்குடி அடிகளார். பெற்றுக்கொண்ட நன்மையை இறையியல் வாக்கியம் ஒன்றைக் கொண்டு மறுப்பது நன்றிகேடு.

அப்படியென்றால் தசமபாகமும் உபவாசமும் தேவையில்லையா?

தேவை. ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகம் ஆகியவற்றிலும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டவர்களிடம் இயேசு, "இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்றார் (மத்தேயு 23:23). வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை அறத்துக்காக எடுத்துவைத்த நகரத்தார் நடுவே வாழ்கிற நாம், கொடுப்பதை ஒழுங்காகச் செய்வதன் மதிப்பை அறிவோம். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதுதான் கெடுக்கிறது.

அன்பு, அன்பு என்று சொல்லிச் சத்தியத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்களா? அருளானந்தர் உயிரையே கொடுத்தாரே?

போர்த்துக்கல்லிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி ஜான் தெ பிரிட்டோவாகிய அருளானந்தரை எடுத்துக்காட்டியது நல்லதாயிற்று. தேவகோட்டையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. லிஸ்பனில் அரச குடும்பத்தோடு வளர்ந்த அவர் இங்கே காவி உடுத்தி, புலால் நீக்கி, பண்டாரசுவாமியாக எளிய மக்கள் நடுவே நடந்தார். 1686-இல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். இனிப் பிரசங்கிக்கக்கூடாது என்ற கட்டளையோடு விடுவிக்கப்பட்டார். பின்னர் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். போர்த்துக்கல் அரசர் அவரைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பினார். அங்கே அவர் மதிப்போடு இருந்திருக்கலாம். 1690-இல் மறவர் சீமையை நாடித் திரும்பி வந்தார்.

ஒரு கொள்கையை நிலைநாட்டுவதற்காக மட்டும் ஒருவர் அப்படித் திரும்பமாட்டார். விட்டுவந்த மக்களை அவர் நேசித்தார். அவருடைய உறுதியும் அன்பும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. இன்று ஓரியூருக்கு வருகிறவர்களில் இந்துக்களும் பெருந்திரளாய் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தியத்தை விட்டால் அன்பு தளர்ந்துபோகும் என்பது உண்மையே. ஆனால் எபேசு சபைக்கு வந்த செய்தியையும் படிக்க வேண்டும். அந்தச் சபை கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துக் கண்டறிந்தது, பொல்லாதவர்களைச் சகிக்கவில்லை, இளைப்படையாமல் உழைத்தது. உபதேசத்தில் ஒரு குறையும் இல்லை. ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டுவிட்டது என்ற ஒரே குற்றத்துக்காக, மனந்திரும்பாவிட்டால் உன் விளக்குத்தண்டை அதனிடத்தினின்று நீக்கிவிடுவேன் என்று கர்த்தர் எச்சரித்தார் (வெளிப்படுத்தின விசேஷம் 2:1-5).

தவறு செய்தவர்களைச் சபை கண்டிக்கவே கூடாதா?

கண்டிக்கலாம், முறை இருக்கிறது. முதலில் தனியே போய்ப் பேச வேண்டும் (மத்தேயு 18:15). சாந்தமுள்ள ஆவியோடு, தானும் சோதிக்கப்படக்கூடியவர் என்ற நினைவோடு சீர்ப்படுத்த வேண்டும் (கலாத்தியர் 6:1). தண்டிக்கப்பட்டவர் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து, ஆறுதல் செய்து, அன்பை உறுதிப்படுத்த வேண்டும் (2 கொரிந்தியர் 2:6-8). நம் சபைகளில் முதல் படியும் கடைசிப் படியும் பெரும்பாலும் விடுபட்டு, நடுவிலுள்ள தண்டனை மட்டும் நடக்கிறது. வேறு மதத்திலோ வேறு சாதியிலோ திருமணம் செய்த ஒரு பெண்ணின் பெயர் ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பாக வெளிவரும். அவள் வீட்டுக்குப் போய் அவளை விசாரித்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். ஜெபம் என்ற பெயரில் நடக்கும் புறங்கூறல் இது. ஆயர்கள் இதை நிறுத்த வேண்டும்.

தேவகோட்டையில் கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், பெந்தெகொஸ்தேக்காரர் ஒருவரை ஒருவர் குறைகூறிக்கொள்கிறார்கள். யார் சரி?

நம்மோடு சேராதவன் ஒருவன் உம்முடைய நாமத்தினால் பிசாசுகளைத் துரத்துகிறான், அவனைத் தடுத்தோம் என்று யோவான் பெருமையோடு சொன்னபோது, தடுக்கவேண்டாம் என்றே இயேசு பதில் கூறினார் (லூக்கா 9:49-50). உபதேச வேறுபாடுகள் உண்மையானவை. அவற்றை மறைக்கத் தேவையில்லை. அரசு மருத்துவமனையில் ஆதரவின்றிப் படுத்திருக்கும் நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோக அவை தடையில்லை.

இவற்றைப் படித்தபின் எங்கள் சபையில் யார் யார் பரிசேயர் என்பது நன்றாக விளங்குகிறது. அவர்களுக்கு இதை அனுப்பலாமா?

அனுப்பவேண்டாம். "இந்தப் பரிசேயனைப்போல் நான் இல்லை" என்று ஜெபிப்பதும் அதே ஜெபம்தான். கண்டிப்பாய்ப் பேசுகிற மூதாட்டி ஒருவர் உங்கள் சபையில் இருக்கலாம். அவரே முப்பது ஆண்டுகளாய்ப் படுத்த படுக்கையாய் இருப்பவர்களைத் தேடிப்போய்ப் பார்த்து வருகிறவராகவும் இருக்கலாம். அவருடைய சொல்லைவிட அவருடைய நடை நல்லது.

பூர்வீக வீட்டுப் பங்கு விஷயத்தில் அண்ணனும் நானும் பேச்சை நிறுத்தி நெடுநாளாயிற்று. நான் திருவிருந்து எடுத்து வருகிறேன். நியாயம் என் பக்கம்தான் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

மத்தேயு 5:23-24 உங்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது, உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும். நியாயம் யார் பக்கம் என்று அந்த வசனம் கேட்கவில்லை. அண்ணனுக்குக் குறை இருக்கிறது என்பதே புறப்படப் போதுமான காரணம்.

அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முன் தனியே போங்கள். மத்தியஸ்தரையும் போதகரையும் அழைத்துப் போகவேண்டாம். வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்துப் போகவும் வேண்டாம். வளவுக் கணக்கையோ பத்திரத்தையோ முதல் நாளில் எடுக்காதீர்கள். அண்ணியின் உடல்நலத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் விசாரியுங்கள். அவர் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். சொல்லாவிட்டால் நின்றே பேசிவிட்டு வாருங்கள். கதவைச் சாத்திவிட்டால், "கூடுமானால் உங்களாலானமட்டும்" எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருக்கச் சொல்லும் ரோமர் 12:18-இன்படி உங்கள் பங்கு அன்றைக்கு நிறைவேறியது. சில மாதங்கள் கழித்து மீண்டும் போங்கள். வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் அது தன் போக்கில் நடக்கட்டும், வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள். அண்ணன் மகள் திருமணத்தில் தாய்மாமனுக்கு அடுத்தபடியாக முன்னே நிற்க வேண்டியவர் சித்தப்பாவாகிய நீங்கள். அதற்கு எந்த வழக்கும் தடையில்லை.